வீடு மாற்றும்போது எதை முதலில் கட்டுவது, எதைக் கடைசியில் கட்டுவது

வீடு மாற்றுவது என்று முடிவானதும் நம்மில் பெரும்பாலோர் கண்ணில் படுகிற சாமானிலிருந்து கட்டத் தொடங்கிவிடுகிறோம். கூடத்து ஷோகேஸில் இருக்கும் பொம்மைகள், டி.வி.க்குக் கீழே சேர்ந்திருக்கும் பொருள்கள், அடுத்து கைக்கு எட்டிய அலமாரி என்று வேலை போகிறது. நாலைந்து பெட்டிகள் நிரம்பிவிட்டால் மனத்துக்கு ஒரு நிம்மதியும் வந்துவிடுகிறது. ஆனால் கட்டும் வரிசையைப் பழைய வீட்டின் அறைகளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. புது வீட்டில் முதல் ராத்திரி எப்படிக் கழிய வேண்டும் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருடங்கள் குடியிருந்த மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் தை மாதத்தில் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்குக் குடிவந்தபோது, எல்லாவற்றையும் அந்த முதல் ராத்திரியிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட்டோம்.

வீடு மாற்றும் வேலையில் மூன்று வரிசைகள் கலந்திருக்கின்றன. பெட்டியில் கட்டும் வரிசை ஒன்று, வண்டியில் ஏற்றும் வரிசை ஒன்று, போய் இறங்கிய பிறகு பிரிக்கும் வரிசை ஒன்று. பரணில் இருக்கும் பித்தளை அண்டாவை எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டிவைத்துவிடலாம். ஆனால் வண்டியில் முதலில் ஏற வேண்டியவை பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவைதான், அவையோ கடைசி நாள் வரை நமக்கு வேண்டியிருப்பவை. புறப்படும் காலையில் கடைசியாகக் கட்டும் காபி ஃபில்டரும் பால் பாத்திரமும் கடைசியில் ஏறி முதலில் இறங்க வேண்டும். இந்த மூன்றையும் தனித்தனியே யோசித்துவிட்டால், எந்தப் பொருளைப் பற்றியும் வீட்டில் வாக்குவாதமே வராது.

ஆகவே ஒரு தாளை எடுத்து, புது வீட்டில் முதல் நாள் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் யாருக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. எங்கள் வீட்டில் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரைகளும் மூக்குக்கண்ணாடியும் அந்தத் தாளில் முதல் வரியாக இருந்தன. அடுத்து எல்லோருக்கும் ஒரு மாற்றுத் துணி, துண்டு, சோப்பு, பக்கெட், மக்கு, படுக்கை விரிப்பு, கொசுவலை, போன் சார்ஜர், இரண்டு பல்பு, டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், மறுநாள் திங்கட்கிழமை என்பதால் மகளின் பள்ளிச் சீருடை, புத்தகப் பை, ஷூ. திருவொற்றியூரில் மாலையானால் கொசு எப்படியிருக்கும் என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதனால் கொசுவலை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடும்படி விடக் கூடாது. இவற்றையெல்லாம் அட்டைப்பெட்டியில் போடாமல், இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டில் போட்டு மூடிவைத்தோம். போனதும் முதலில் தேவைப்படுவது வாளிதான், உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் வாளி கிடைத்துவிடுகிறது.

இந்த ஊரில் குடிபோகிறவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, அதைப் பலரும் வெறும் சடங்காக மட்டும் பார்க்கிறார்கள். பால் காய்ச்சுவதைச் சொல்கிறேன். சாமான்கள் போவதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் விளக்கு, சுவாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, நிறைகுடம் ஆகியவற்றோடு போய்ப் பால் பொங்கவிட்டு வருவது நம் வழக்கம். நாங்கள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பால் காய்ச்சிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றினோம். இப்படிச் செய்தால் உபரியாக இருக்கும் அடுப்பும் சிலிண்டரும் நாலு பாத்திரமும் அன்றைக்கே புது வீட்டுக்குப் போய்விடுகின்றன; எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, ஃப்ரிட்ஜுக்கு வேண்டிய பிளக் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஆகையால் கட்டும் வரிசையில் பூஜை அலமாரியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பெரிய படங்கள் ஞாயிறு வரை இருக்கட்டும், விளக்கும் ஒரு சிறிய படமும் முன்னால் போகட்டும்.

துடைப்பத்துக்கும் இதே போல ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பழைய வீட்டுத் துடைப்பத்தையும் முறத்தையும் புது வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் மாமியாரின் கண்டிப்பு. நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், வேலையின் போக்குக்கும் அதுதான் சரி. பழைய வீட்டைக் கடைசியாகப் பெருக்க ஒன்று வேண்டும், புது வீட்டைச் சாமான் இறங்குவதற்கு முன்னால் பெருக்க ஒன்று வேண்டும். பால் காய்ச்சும் நாளிலேயே புதுத் துடைப்பமும் முறமும் போய்விட்டன.

இனி எதை முதலில் கட்டுவது என்பதற்கு வருகிறேன். என் பதில் பரண். மார்கழியில் குடிபோவதில்லை, ஆனால் சாமான் கட்டுவதற்கு மார்கழியைப் போல ஏற்ற மாதம் வேறு இல்லை, ஏனென்றால் அதன் கடைசி நாளில் போகி வருகிறது. எப்படியும் வெள்ளையடிக்கவோ ஒட்டடை அடிக்கவோ பரணைக் காலி செய்யப் போகிறோம். இறக்கியதை மறுபடி மேலே ஏற்றாமல் அப்படியே தரம் பிரித்துக் கட்டிவிடலாம். பரண் சாமான்கள் ஏற்கெனவே ட்ரங்க் பெட்டியிலோ சாக்கிலோ இருப்பதால், அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். அதற்கு இடம்கொடுக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லாத பெட்டி ஒன்றுக்கு வண்டிக் கூலியும் சுமை கூலியும் கொடுப்பது நியாயமில்லை. ஒவ்வொன்றையும் திறந்து, கைப்பிடி போன குக்கர், ஓடாத டேபிள் ஃபேன், பழைய பாடப்புத்தகங்கள் ஆகியவற்றைக் காயலான் கடைக்கும் பழைய பேப்பர் கடைக்கும் கொடுத்த பிறகு கட்ட உட்கார வேண்டும். கழித்துக்கட்டுவது முதலில், கட்டுவது அடுத்து. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முயன்றால் இரண்டுமே அரைகுறையாக நின்றுவிடும்.

பரணில் இருந்தவற்றில் நான் அதிக நேரம் செலவிட்டது கொலு பொம்மைகளுக்கு. புரட்டாசியில் எடுத்து வைத்த பிறகு அடுத்த நவராத்திரி வரை தொடப்போவதில்லை என்பதால், கட்டுவதில் முதல் இடமும் பிரிப்பதில் கடைசி இடமும் அவற்றுக்குத்தான். நைந்த பருத்தி வேட்டியை நீளமான பட்டைகளாகக் கிழித்துவைத்துக்கொண்டு, முதலில் பொம்மையின் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்குப் பாதுகாப்பு செய்ய வேண்டும். கிருஷ்ணனின் புல்லாங்குழலுக்கும் உதட்டுக்கும் நடுவே, ராமனின் வில்லுக்கும் தோளுக்கும் நடுவே பஞ்சை மெதுவாகச் செருகி, கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று, பிறகு தலையிலிருந்து பீடம் வரைக்கும் சுற்றிவர வேண்டும். களிமண் பொம்மைகள் கனம், காகிதக் கூழ் பொம்மைகள் லேசு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் களிமண் அடியில் இருக்க வேண்டும், எல்லாம் நின்ற நிலையில் இருக்க வேண்டும். தசாவதாரம் போன்ற செட்டுகளைப் பிரித்து வேறு வேறு பெட்டிகளில் வைத்தால், அடுத்த புரட்டாசியில் வாமனரைத் தேடி வீடு முழுவதும் அலைய நேரிடும்.

பெட்டிகள் வாங்குவதற்கு வடசென்னையில் குறைவே இல்லை. சௌகார்பேட்டை, மின்ட் தெருப் பக்கத்து மொத்தக் கடைகளில் பயன்படுத்திய அட்டைப்பெட்டிகள் கிடைக்கும், அரிசி மண்டிகளில் சாக்குகள் கிடைக்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளில் அச்சிடாத வெள்ளைத் தாளைக் கட்டாக வாங்கலாம். செய்தித்தாளின் மை பீங்கானில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெள்ளைப் பீங்கான் தட்டுகளுக்கு அந்தத் தாளே நல்லது. ஆனால் கடைக்குப் போகும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வருகிறவர்களின் கூட்டத்தில், தலையில் அட்டைப்பெட்டியோடு நடந்துவருவது ஆகாத காரியம். நான் மார்கழியின் தொடக்கத்திலேயே வாங்கிவைத்துவிட்டேன்.

பரணுக்கு அடுத்தது புத்தகங்கள். காகிதம் பார்ப்பதற்கு லேசாகத் தோன்றினாலும் கட்டினால் இரும்பு, அதனால் புத்தகங்களுக்குச் சிறிய பெட்டிகள்தான் வேண்டும். ஒரு பெண்ணால் தனியாகத் தூக்க முடியாத பெட்டி மாடிப்படியில் இறங்கும்போது அடி விட்டுவிடும். பெட்டியின் மேல் மூடியில் எழுதாமல் இரண்டு பக்கங்களிலும் எழுதுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு மூடி கண்ணுக்குத் தெரியாது. எழுதும்போது பொருளின் பெயரை விட அது இறங்க வேண்டிய அறையின் பெயரைப் பெரிதாக எழுதுவது மேல், ஏனென்றால் இறக்குகிறவர்களுக்கு அது ஒன்றுதான் தேவை. அதன் கீழே சிறியதாக உள்ளே இருப்பதையும், ‘உடனே’, ‘அப்புறம்’ என்று இரண்டில் ஒன்றையும் எழுதினேன்.

துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றாடம் உடுத்தாத பட்டுப்புடவைகள் முதலில், அலுவலகத் துணிகள் கடைசியில். இரும்பு பீரோவைக் காலி செய்யாமல் இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், குறுகலான மாடிப்படியில் அது ஆபத்து. பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளின் படிக்கட்டு எவ்வளவு அகலம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், திருப்பத்தில் பீரோவைச் செங்குத்தாக நிமிர்த்தித்தான் திருப்ப முடியும்.

சமையலறைதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. வீட்டில் உள்ள மற்ற எல்லா இடங்களையும் ஒவ்வொரு அறையாக எடுத்து முடித்துவிடலாம், சமையலறையை மட்டும் கடைசி வேளை சாப்பாடு வரைக்கும் நடத்திக்கொண்டே கட்ட வேண்டும். அதற்கு நான் கண்டுகொண்ட வழி, சமையலையே படிப்படியாகச் சுருக்குவது. புறப்படுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பாக மளிகை வாங்குவதை நிறுத்திவிட்டு, இருப்பதைக் கொண்டு சமைக்கத் தொடங்க வேண்டும். முதலில் விருந்தாளிகளுக்கான பாத்திரங்கள், இட்லிப் பானைகளில் பெரியது, முறுக்கு அச்சு, பணியாரக்கல் ஆகியவை கட்டுக்குள் போகும். மாவு அரைப்பதை நிறுத்தும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொண்டால் கிரைண்டருக்கு விடுதலை. கல்லை வெளியே எடுத்துத் தனியாகத் துணியில் சுற்றிவைக்க வேண்டும், உள்ளேயே விட்டால் வண்டியின் குலுக்கலில் பாத்திரம் அடிபடும். குழம்பு, கூட்டு, பொரியல் என்பது மெல்ல சாம்பார் சாதமாகவும், பிறகு எலுமிச்சை சாதமும் அப்பளமுமாகவும் சுருங்கும். சனிக்கிழமை ராத்திரிக்குப் புளிசாதம் கிளறி, மீதியை மறுநாள் காலைக்கும் வைத்துக்கொண்டோம், அது கெடாது, தட்டு கழுவும் வேலையும் குறைவு.

அஞ்சறைப் பெட்டியைக் கடைசி வரை கட்ட முடியாது, கட்டாமலும் கொண்டுபோக முடியாது. நான் செய்தது இதுதான். சனிக்கிழமை சமையல் முடிந்ததும் ஒவ்வொரு கிண்ணத்தையும் எடுத்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, மிளகாய், மஞ்சள் தூள் என்று தனித்தனிச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் கொட்டி ரப்பர் பேண்டு போட்டு, அந்த உறைகளை அதனதன் கிண்ணத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். மூடியை அழுத்தி மூடிப் பருத்திக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். புது வீட்டுச் சமையலறையில் ரப்பர் பேண்டைக் கழற்றி அந்தந்தக் கிண்ணத்தில் கவிழ்த்தால் அவ்வளவுதான், பெட்டி பழையபடி தயார். எண்ணெய்ப் பாட்டில்களை மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன் துண்டு வைத்து இறுக்கி, துணி வைத்திருக்கும் எந்தப் பெட்டியோடும் சேர்க்காமல் ஒரு பக்கெட்டில் நிறுத்திக் கொண்டுபோக வேண்டும்.

சமையல் எரிவாயுவில் அவசரம் கூடாது. நிரம்பிய வீட்டு உபயோக சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய முப்பது கிலோ வரும். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் அதற்குரிய மூடியைப் பொருத்தி, நின்ற நிலையில் திறந்த வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். பகுதி மாறினால் ஏஜென்சியும் மாறக்கூடும் என்பதால், இணைப்பை மாற்றும் வேலையைச் சாமான் கட்டத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

தண்ணீர் டிரம்கள் வடசென்னைக்கே உரிய கணக்கு. குழாயில் மெட்ரோ வாட்டர் வரும் நேரம் தெருவுக்குத் தெரு வேறு. பழைய வீட்டில் கடைசி நாள் வரை டிரம்மும் குடமும் வேண்டும். புது வீட்டிலோ முதல் நாளே தண்ணீர் பிடித்துவைக்க அவை வேண்டும். எனவே இருந்தவற்றில் பாதியை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டோம், சனிக்கிழமை மாலை என் கணவர் விளக்கேற்றப் போனபோது, அவற்றில் தண்ணீர் நிரப்பிவைத்துவிட்டு வந்தார். மிச்சமிருந்த டிரம்களை ஞாயிறு காலையில் காலி செய்து, துடைத்து உலர்த்தி, தலையணைகளையும் போர்வைகளையும் உள்ளே திணித்தோம்.

ஃப்ரிட்ஜை முந்தைய நாள் ராத்திரியே அணைத்து, பனி உருகி வழிந்த நீரைத் துடைத்துக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். நிமிர்த்தியே கொண்டுபோவது நல்லது. படுக்கவைக்க நேர்ந்தால் புது வீட்டில் நிறுத்திய பிறகு சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்க வேண்டும், கம்ப்ரஸரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அவகாசம் வேண்டும். முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்குப் பின்புறத்தில் போட வேண்டிய போல்ட்டுகள் உண்டு, வாங்கிய அன்று மெக்கானிக் கழற்றிக் கொடுத்தவை. டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்வது அவைதான் என்பதால், பரணைக் கிளறும்போதே அவற்றைத் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டிலைக் கழற்றினால், அதன் திருகுகளை ஒரு சிறிய பையில் போட்டுக் கட்டில் காலிலேயே கட்டிவிடுங்கள்.

வண்டி ஏற்றும் நாளில் தெருவும் ஒரு பங்கு கேட்கிறது. எங்கள் சந்துக்குள் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வராது, முனையில்தான் நிற்கும். வீட்டு வாசலிலிருந்து முனை வரைக்கும் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சாமான் வண்டி பேசியிருந்தோம். சாமான் இறக்க வந்த தம்பி வந்த உடனே சொன்னது, “அக்கா, கனமானத மொதல்ல குடுங்க, பொட்டியெல்லாம் மேல அடுக்கிக்கலாம்” என்பதுதான். குட்டி யானையின் தளம் ஏறக்குறைய ஏழடி நீளம், அது தாங்குவது முக்கால் டன் அளவுதான். பீரோ, ஃப்ரிட்ஜ், அம்மிக்கல் போன்றவை டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டி நிற்க வேண்டும், கட்டில் சட்டங்களும் மெத்தையும் பக்கவாட்டில், நடுவில் பெட்டிகள், பின் கதவருகே ‘உடனே’ என்று எழுதியவை. மீன்பாடி வண்டி முனைக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் அடுத்த நடைக்கான சாமான் வாசலில் தயாராக இருந்தாக வேண்டும். அதற்காகச் சனிக்கிழமை ராத்திரியே கனமானவை வாசல் பக்கமும் லேசானவை உள் பக்கமுமாக அடுக்கிவைத்தோம்.

நேரத்தையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது, ராகு காலம் மாலை நாலரைக்கு. பன்னிரண்டுக்குள் புது வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகளைத் தாண்ட வேண்டியிருப்பதால், பத்து மணிக்குள் கிளம்பிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். திருவொற்றியூர்ப் பக்கம் குடிபோகிறவர்கள் மாசித் திருவிழா நாட்களையும் வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து வரும் பௌர்ணமியையும் தவிர்த்துக்கொள்ளுங்கள், வடிவுடையம்மனைத் தரிசிக்க வருகிற கூட்டத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி நகராது.

வீட்டுப் பத்திரங்கள், ரேஷன் கார்டு, சான்றிதழ்கள், நகைகள் ஆகியவை எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. அவை இருந்த பையை நான் தோளில் மாட்டிக்கொண்டு, மாமியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு தியாகராயா கல்லூரி நிலையத்தில் மெட்ரோ ஏறி, வண்டிக்கு முன்பே காலடிப்பேட்டையில் இறங்கிவிட்டேன். 2021 பிப்ரவரியில் இந்தப் பாதை விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, முதியவர்களையும் குழந்தைகளையும் முன்னால் அனுப்பிவைப்பது எளிதாகிவிட்டது. சாமான் வரும்போது புது வீட்டில் ஒருவர் நின்று எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று சொல்ல வேண்டும், பழைய வீட்டில் ஒருவர் கடைசியாக அலமாரிகளைத் திறந்துபார்த்து, மின் மீட்டரின் ரீடிங்கைப் படம் எடுத்துக்கொண்டு சாவியை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என் கணவருடையது.

பிரிக்கும்போது எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் திறக்க ஆசைப்பட வேண்டாம். முதலில் கட்டிலைப் பூட்டிப் படுக்கையை விரித்துவிடுங்கள், அதற்கு அடுத்து சமையலறை, பிறகு துணி. ‘அப்புறம்’ என்று எழுதிய பெட்டிகள் சுவரோரம் சில வாரங்கள் இருக்கலாம், ஆனால் தரையில் நேராக வைக்காமல் பலகைமேல் வைக்க வேண்டும். மளிகைக் கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளின் மடிப்புகளில் கரப்பான்பூச்சி முட்டை இருப்பது சகஜம் என்பதால், காலியான பெட்டிகளை வீட்டுக்குள் சேர்த்துவைக்காமல் அன்றன்றே மடித்துப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் நாலைந்தை மட்டும் வெயிலில் உலர்த்தி, அடுத்து வீடு மாற்றப் போகிற யாருக்காவது கொடுத்துவிடலாம்.